மகளுக்கு என் கையால் சோறு ஊட்டலாமா, டாக்டர்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, வட மாவட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்ட 29 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடையது காதல் திருமணம். பிறந்த வீட்டில் கிறிஸ்துமஸ், கல்யாணம் என்றால் பன்றிக்கறி உண்டு. அப்பா வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பன்றி வளர்க்கிறார். கணவர் வீடு சுத்த சைவம். ஆறு வருடமாக இவரும் அங்கே சைவம்தான், ஊருக்குப் போனால் மட்டும் கறி சாப்பிடுவார். இரண்டு மாதத்துக்கு முன் சமையலறையில் நிற்கும்போது வலது கை தானாக வெட்டி இழுத்தது. அப்புறம் நினைவில்லை. விழித்தபோது உள்ளங்கையில் சாவிக்கொத்து இருந்திருக்கிறது, மாமியார் திணித்தது. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் 8 மில்லிமீட்டரில் ஒரு சிறிய கட்டி, சுற்றிலும் வீக்கம். "பன்றி நாடாப்புழுவால் வந்தது" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நான்கு வயது மகளுக்கு ஊட்டக்கூடாது என்று தடை. நாத்தனார் மருந்துக் கடையிலிருந்து ஒரு அட்டை நிறையப் பூச்சி மாத்திரை வாங்கி வந்து, "இதை முழுங்கினால் எல்லாம் செத்து வெளியே வந்துவிடும்" என்கிறார். பெரியவர்கள் "வக்கீலைப் பார்க்கலாமா" என்று பேசுவது காதில் விழுகிறது. கணவர் வாய் திறப்பதில்லை. ஊரில் அப்பா, மகளுக்கு இப்படி ஆனது தன்னால்தான் என்று பன்றிகளை வந்த விலைக்குத் தள்ளப் பார்க்கிறார். இரண்டாவது குழந்தை பெறலாமா, பன்றிக்கறியை அடியோடு விட வேண்டுமா, மகளுக்கு ஊட்டலாமா என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

கடைசிப் பக்கத்து ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறீர்களே, "ஃபிட்ஸ் மாத்திரை தின்றால் தூக்கமாகவே வருகிறது, 12 நாளாக நிறுத்திவிட்டேன்" என்று, அங்கிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் காத்திருக்கலாம், இது காத்திருக்காது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் அடுத்த வலிப்பு அடுப்புக்கு முன்னாலோ மாடிப்படியிலோ வரலாம். சிலருக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதைப் படித்ததும் மருந்து எழுதிய டாக்டரை அழையுங்கள். சில மாத்திரைகளைப் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கலாம், சிலவற்றைக் குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். அதனால் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தூக்கம் வருவதையும் சொல்லுங்கள். அளவை மாற்றலாம், மருந்தையே மாற்றலாம், அதற்கெல்லாம் வழி இருக்கிறது. ஸ்கூட்டரில் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு அந்தப் பொறுப்பை உங்கள் கணவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சாவிக்கொத்து பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு கையில் பட்டதால் வலிப்பு நிற்பதில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரண்டு நிமிடத்தில் தாமாகவே நிற்கும், நாம் சாவிக்கு நன்றி சொல்கிறோம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இதை உங்கள் மாமியாரிடம் காட்டுங்கள். அந்த நேரத்தில் பயந்து ஓடாமல் பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

பன்றிக்கறி வேறு, புழு முட்டை வேறு

டாக்டர் சொன்னது சரி. வீட்டில் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தவறு. அதற்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன், மருத்துவ மாணவர்களே குழம்புகிற இடம் இது.

வளர்ந்த நாடாப்புழு மனிதக் குடலில்தான் குடியிருக்கும். பெயரில் பன்றி இருக்கிறதே தவிர, பன்றியின் குடலில் அது வளர்வதில்லை. சில மீட்டர் நீளத்துக்கு, தட்டையான ரிப்பனைத் துண்டு துண்டாகக் கோத்தது போல வளரும். வால் பக்கத்துத் துண்டுகளில் முட்டை நிறைந்ததும் அவை கழன்று மலத்தோடு வெளியேறும். ஒரு துண்டிலேயே சுமார் 50,000 முட்டைகள் இருக்கும். வெட்டவெளியில் கிடக்கும் அந்த மலத்தை மேய்கிற பன்றி தின்கிறது. முட்டைக்குள்ளிருந்து வெளிவரும் நுண்ணிய இளம்புழு, பன்றியின் குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தோடு போய்த் தசையிலும் நாக்கிலும் மூளையிலும் நீர்க்கட்டியாகத் தங்கிவிடும். ஊறிய ஜவ்வரிசி போல இருக்கும், உள்ளே வெள்ளைப் புள்ளியாகப் புழுவின் தலை. அந்தக் கறியை அரைவேக்காட்டில் ஒருவர் தின்றால், கட்டிக்குள் இருந்த தலை அவர் குடலைப் பற்றிக்கொண்டு இரண்டு மூன்று மாதத்தில் முழுப்புழு ஆகிவிடும். பன்றிக்கறி தின்பதால் வருவது இவ்வளவுதான், குடலில் ஒரு புழு.

மூளையில் கட்டி வருவதற்குக் கறி தேவையில்லை, முட்டை வேண்டும். யாரோ ஒருவருடைய குடலில் இருந்த புழுவின் முட்டை, கழுவாத கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ பச்சைக் காய்கறி வழியாகவோ உங்கள் வாய்க்குள் போயிருக்கிறது. பன்றிக்குள் போனால் என்ன செய்யுமோ அதையே உங்கள் உடலிலும் செய்திருக்கிறது. பன்றிக்கு நோய் கொடுத்ததும் மனிதர்தான், உங்களுக்குக் கொடுத்ததும் மனிதர்தான். பன்றியின் சாணத்தில் இந்த முட்டை கிடையாது. பன்றியைத் தொட்டதாலோ கொட்டிலைக் கழுவியதாலோ இது ஒட்டாது.

அதனால்தான் பிறந்ததிலிருந்து கோழிமுட்டைகூடத் தொடாத சைவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. நியூயார்க்கில் பன்றிக்கறியை மதக் கட்டுப்பாட்டால் விலக்கி வாழும் யூதக் குடும்பங்களில் நான்கு பேருக்கு மூளையில் இதே கட்டி வந்தது. 1992-ல் அந்த ஆய்வு வெளியானபோது மருத்துவ உலகமே நிமிர்ந்து பார்த்தது. இந்த நோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்து அந்த வீடுகளில் வேலை செய்தவர்களிடமிருந்து முட்டை போயிருக்க வேண்டும் என்று கண்டறிந்தார்கள். நம்மூரில் இன்னும் நெருக்கமான சான்று உண்டு. ஒரு காலத்தில் இப்படி ஒற்றைக் கட்டியைப் பார்த்தால் காசநோய்க் கட்டி என்று எண்ணி மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுப்பார்கள். 1980-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகிய மருத்துவர்களின் குழு அந்தக் கட்டிகளை எடுத்து ஆராய்ந்து, பலவற்றில் இருப்பது நாடாப்புழுவின் இளம்பருவம் என்று காட்டியது. பிறகு தமிழ்நாட்டில் கிராமமும் நகரமுமாகச் சுமார் 50,000 பேரிடம் ஆய்வு செய்தபோது, வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணமாக இருந்தது. அவர்கள் எல்லோரும் பன்றிக்கறி தின்றவர்கள் அல்ல.

மாமியார் முட்டைக்கோஸை வீட்டுக்குள் விடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முட்டைக்கோஸுக்கும் புழுவுக்கும் தனி உறவு எதுவும் கிடையாது. சாக்கடைத் தண்ணீர் பாய்ந்த மண்ணில் விளையும் கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி என எதைப் பச்சையாகத் தின்றாலும் ஆபத்து ஒன்றுதான். வேகவைத்தால் முட்டை செத்துவிடும், ஆகவே கோஸ் பொரியலில் பயமில்லை. பச்சையாகச் சாப்பிடுவதை மட்டும் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

அப்படியானால் புழு யார் வயிற்றில்?

இங்கே உங்களிடமும் உண்மையை மறைக்கக்கூடாது. மூளையில் கட்டி உள்ளவர்களில் சிலருக்குக் குடலிலும் புழு இருக்கும். தன் குடலில் உள்ள புழுவின் முட்டையைத் தன் கையாலேயே விழுங்கியவர்கள் அவர்கள். ஊருக்குப் போய்க் கறி தின்றிருப்பதால் நீங்கள் அந்தச் சிலரில் ஒருவராக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். வீட்டில் வேறு யாராவது இருக்கலாம், வெளியே சாப்பிட்ட இடத்தில் சமைத்தவராக இருக்கலாம். எந்த வருடம் விழுங்கினீர்கள் என்றும் சொல்ல முடியாது. வெள்ளையர் காலத்தில் இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாய்களை நெடுங்காலம் கவனித்திருக்கிறார்கள். பலருக்கு நாடு திரும்பிச் சில வருடங்கள் கழித்துத்தான் முதல் வலிப்பு வந்தது. ஆகவே இது கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, அந்த வீட்டிலா இந்த வீட்டிலா என்று வழக்கு நடத்தித் தீர்ப்புச் சொல்ல யாராலும் முடியாது.

யார் வயிற்றிலாவது இப்போது புழு இருக்கிறதா என்று மட்டும் பார்க்க முடியும், அதைப் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு, கணவருக்கு, மகளுக்கு, மாமனார் மாமியாருக்கு, சமையலுக்கு வரும் அம்மாவுக்கு, எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு முறை பார்த்தால் தவறிப்போகும், வெவ்வேறு நாளில் மூன்று முறை கொடுப்பது நல்லது. வெள்ளையாகத் தட்டையாக நாடாத்துண்டு போல மலத்தில் எதையாவது யாராவது பார்த்திருக்கிறார்களா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். புழு இருப்பவர் நோயாளி போலவே தெரிய மாட்டார், வயிற்றுவலிகூட இருக்காது. இருப்பது தெரிந்தால், பெரும்பாலும் ஒரே வேளை மருந்தில் போய்விடும்.

சமையலுக்கு வரும் அம்மாவைப் பற்றி ஒரு வேண்டுகோள். நியூயார்க் கதையைச் சொன்னதும் உங்கள் வீட்டில் சந்தேகம் உங்களைவிட்டு அவர் மேல் தாவிவிடும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அப்படி நடக்க விடாதீர்கள். அவருக்குப் புழு இருந்தாலும் அவரும் உங்களைப் போல எங்கிருந்தோ வாங்கியவர்தான். பரிசோதனைச் செலவையும் மருந்துச் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், வேலையைவிட்டு நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

நாத்தனார் வாங்கி வந்த மாத்திரை

அந்த அட்டையை எடுத்து, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் இந்த நோய்க்கான மருந்துதான். ஆனால் மூளையில் உள்ள புழு சாகும்போது அதைச் சுற்றி வீக்கம் கூடும். அதனால்தான் நாங்கள் ஸ்டீராய்டு மருந்தைத் துணைக்குக் கொடுத்து, வலிப்பு மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே இதைக் கொடுக்கிறோம். கண்ணுக்குள் கட்டி இருந்தால் பார்வையே போகலாம் என்பதால் முதலில் கண்ணைப் பரிசோதிப்போம். மூளை முழுக்கக் கட்டிகள் இருந்து ஏற்கெனவே வீங்கியிருந்தால் புழு மருந்தைத் தொடவே மாட்டோம். குடல் புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவாண்டல்கூட மூளையில் கட்டி உள்ளவருக்கு வலிப்பைத் தூண்டலாம், நிக்ளோசமைடு குடலிலிருந்து ரத்தத்தில் அவ்வளவாகச் சேராததால் அந்தத் தொல்லை குறைவு. எதை, எத்தனை நாள் என்பதை ஸ்கேனைக் கையில் வைத்திருப்பவர் முடிவு செய்யட்டும். பள்ளியில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஒற்றைப் பூச்சி மாத்திரை வேறு வகைப் புழுக்களுக்கானது, உங்கள் மகள் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். நாடாப்புழுவுக்கு அந்த ஒன்று போதாது.

உங்கள் ஸ்கேனை நான் பார்க்கவில்லை, அறிக்கையைத்தான் படித்தேன். அதில் உள்ளபடி பார்த்தால், இப்படி ஒரே ஒரு சிறிய கட்டி இருப்பவர்கள் நல்லபடியாகக் குணமாவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். பல நேரம் கட்டி மாதங்களில் தானாகவே சுருங்கி மறைந்துவிடும், புழு மருந்து அதைச் சற்று விரைவுபடுத்தும். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுப்பார்கள். மறைந்திருந்தால் வலிப்பு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவது பற்றிப் பேசலாம். கட்டி இருந்த இடம் சுண்ணாம்பு படிந்த புள்ளியாக எஞ்சியிருந்தால் மாத்திரை இன்னும் கொஞ்ச காலம் நீளும்.

இரண்டாவது குழந்தை தாராளமாகப் பெறலாம். அவசரப்படாமல் திட்டமிட்டுப் பெறுங்கள். புழு மருந்தும் கர்ப்பமும் ஒரே நேரத்தில் கூடாது. வலிப்பு மாத்திரைகளில் வால்புரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது. உங்கள் சீட்டில் அது இருந்தால், குழந்தைக்கு முயலும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமிலத்தையும் முன்கூட்டியே தொடங்குங்கள்.

அப்பாவின் பன்றிகள்

அப்பாவிடம் உடனே பேசுங்கள், விற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் கொட்டிலில் அடைத்து, ஓட்டல் சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டு வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மனித மலத்தைத் தின்ன வழியில்லாத பன்றிக்கு இந்தக் கட்டி வராது. தெருவில் மேய விட்டால்தான் ஆபத்து. ஆகவே இரண்டு விஷயம் கேளுங்கள். பன்றிகளைப் பகலில் வெளியே திறந்துவிடுகிறாரா? வீட்டுக் கழிப்பறைத் தண்ணீர் கொட்டில் பக்கம் போகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் நிம்மதியாக இருக்கலாம். பன்றிக்கென்றே இந்த நோய்க்குத் தடுப்பூசியும் வந்துவிட்டது, ஹைதராபாதில் உள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் அதைத் தயாரிக்கிறது. அதோடு ஆக்ஸ்ஃபெண்டசோல் என்ற மருந்தும் கொடுத்தால் பன்றியின் தசையில் ஏற்கெனவே உள்ள கட்டிகளும் செத்துவிடும். கால்நடை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரு நாட்டின் வடகோடியில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் மனிதருக்குப் புழு மருந்தும் பன்றிக்குத் தடுப்பூசியும் மருந்தும் ஒரே சமயத்தில் கொடுத்து, நோய் பரவுவதையே கிட்டத்தட்ட நிறுத்திக் காட்டினார்கள். அதற்காகப் பன்றி வளர்ப்பைத் தடை செய்யவில்லை.

கறியை விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். சாப்பிடுவதானால் உள்ளே சிவப்பு தெரியாத அளவுக்கு வேகட்டும். நம் ஊரில் பன்றிக்கறியைக் குழம்பாக வைத்து நெடுநேரம் வேகவைக்கும் பழக்கம் இந்த விஷயத்தில் பெரிய பாதுகாப்பு. பெரிய துண்டாகச் சுட்டுச் சாப்பிடும்போதுதான் நடுப்பகுதி வேகாமல் போகும். வெட்டும்போது ஜவ்வரிசி மணி போலத் தெரிந்தால் அந்தக் கறி வேண்டாம்.

வக்கீல் பேச்சும் தனித் தட்டும்

நான் வக்கீல் இல்லை. ஆனால் வலிப்பு நோயாளிகளோடு பல வருடம் இருந்ததில் ஒன்று தெரியும். இந்துத் திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும் வலிப்பு ஒரு காலத்தில் திருமணத்துக்கே தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ல் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். நீங்கள் எந்தச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. பேச்சு முற்றினால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே ஆலோசனை கிடைக்கும். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அங்கே போங்கள்.

அதற்கு முன்னால் இன்னொன்று செய்து பார்க்கலாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கணவரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் சொன்னால் சாக்குச் சொல்வது போல இருக்கும், டாக்டர் ஒரு தாளில் வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து காட்டினால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். இப்படி விளங்கிக்கொண்ட மாமியார்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். கணவரிடம் நான் கேட்பது ஒன்றுதான். மலப் பரிசோதனைக்கு முதலில் நீங்கள் கொடுங்கள் ஐயா, அப்போது மற்றவர்கள் தயங்க மாட்டார்கள்.

கடைசியாக, மகளுக்கு ஊட்டுவது. மூளையில் உள்ள கட்டி யாருக்கும் ஒட்டாது. எச்சிலிலும் மூச்சிலும் வியர்வையிலும் முத்தத்திலும் அது இல்லை. தனித் தட்டுக்கும் டம்ளருக்கும் மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. குடலில் புழு இருக்கிறதா என்பது தெரியும்வரை ஒரே ஒரு வழிதான் கவனிக்கப்பட வேண்டியது, அது கழிப்பறைக்குப் போய்வந்த கை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம், முட்டையைத் தேய்த்துக் கழுவித்தான் போக்க வேண்டும். உங்கள் மாமியாரும் சமைக்கும் அம்மாவும் இதையேதான் செய்ய வேண்டும். கையைக் கழுவிவிட்டு இன்று இரவே மகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.